'காதுகள்' நாவலின் ஓரங்களில்

சென்ற கோடை விடுமுறையில் என் அண்ணன் மகள் கழுகுமலைக்கு வந்திருந்தாள். பாளையங்கோட்டையில் முதுகலை உளவியல் பயில்பவள். அவள் பையில் இரண்டு நூல்கள் இருந்தன. ஒன்று, பிறழ்நிலை உளவியல் குறித்த கனத்த ஆங்கிலப் பாடநூல். மற்றொன்று, எம்.வி. வெங்கட்ராமின் 'காதுகள்'. பாடத்திற்குத் துணையாக ஒரு தமிழ் நாவலைப் படித்து வரும்படி பேராசிரியர் கூறினாராம். நான் நாவலைப் புரட்டினேன். பக்கத்திற்குப் பக்கம் ஓரங்களில் பென்சிலால் சிறு குறிப்புகள்: 'இல்லாத குரல் கேட்டல்', 'பிறர் துன்புறுத்துவதாக எண்ணுதல்', 'தன்னைப் பெரிதாகக் கருதுதல்'. கதை முடியும் முன்பே நோயின் பெயரும் எழுதப்பட்டிருந்தது.

பென்சில் குறிப்புகளில் பிழையொன்றும் இல்லை. எனினும் அவற்றைப் படித்தபின் என் மனம் அமைதியடையவில்லை. அந்த அமைதியின்மையே இக்கட்டுரைக்குக் காரணம்.

கும்பகோணத்தில் 1920-இல் பிறந்து, பட்டு ஜரிகை வணிகம் செய்து, மணிக்கொடி இதழில் எழுதத் தொடங்கி, 2000-இல் மறைந்தவர் வெங்கட்ராம். 'காதுகள்' 1992-இல் வெளிவந்து, அடுத்த ஆண்டே சாகித்திய அக்காதெமி விருதினைப் பெற்றது. கதைத்தலைவன் மகாலிங்கத்தின் காதுகளுக்குள் குரல்கள் எழுகின்றன. அவை ஏசுகின்றன, இழிமொழி பேசுகின்றன, தமக்குள் வாதிடுகின்றன, அவன் செய்வதையெல்லாம் விமரிசனம் செய்கின்றன. வணிகம் நொடிக்கிறது, குடும்பம் வறுமையில் வீழ்கிறது. அவனோ தன் இறைவனாகிய முருகனைப் பற்றிக்கொண்டு, இந்த இரைச்சலைத் தாமச சக்திகளின் தாக்குதல் என்று பொருள் கொள்கிறான். இது தம் சொந்த வாழ்வின் அனுபவத்திலிருந்து பிறந்த கதை என்பதை ஆசிரியர் மறைத்ததில்லை.

ஒருவனைக் குறித்துத் தமக்குள் வாதிடும் குரல்களையும், அவன் செயலை உடனுக்குடன் எடுத்துரைக்கும் குரல்களையும் மனச்சிதைவு நோயின் முதல்தர அறிகுறிகள் என்று 1939-இல் ஜெர்மானிய மருத்துவர் குர்ட் ஷ்னைடர் வகுத்தார். மனச்சிதைவுக்கு 'ஸ்கிசோஃபிரினியா' என்னும் பெயரை அவருக்கு முன்னரே, 1908-இல், சுவிட்சர்லாந்தின் ஆய்கன் பிளாய்லர் வழங்கியிருந்தார். வெங்கட்ராம் இந்த மருத்துவ நூல்களைப் பார்த்து எழுதியவர் என்று எவரும் சொல்லார். இருந்தும் ஷ்னைடரின் பட்டியலும் மகாலிங்கத்தின் காதுகளும் வியக்கத்தக்க வகையில் ஒத்துப்போகின்றன. ஆகவே என் அண்ணன் மகளின் பென்சிலை நான் குறை கூறவியலாது. எங்கோ ஐரோப்பாவில் எழுதப்பட்ட அறிகுறிகள் கும்பகோணத்துத் தெரு வீட்டிலும் பொருந்துமாயின், அந்த அறிவியலில் ஏதோ மெய் இருக்கத்தான் வேண்டும்.

ஆனால் பெயர் இட்டவுடன் வாசிப்பு முடிந்துவிடுகிறதா?

இந்த வினாவுக்கு ஒரு பழைய முன்மாதிரி உண்டு. டிரெஸ்டன் நகரில் உயர் நீதிபதியாயிருந்த டேனியல் பவுல் ஷ்ரேபர் என்பவர் மனநோயுற்று, விடுதியில் பல்லாண்டுகள் கழித்து, தம் அனுபவங்களை 1903-இல் நூலாக வெளியிட்டார். இறைவனின் கதிர்கள் தம் நரம்புகளோடு பேசுவதாக அதில் விரிவாக எழுதினார். 1911-இல் ஃபிராய்டு அந்நூலைக் கொண்டே அவருடைய நோயை ஆராய்ந்து புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை எழுதினார். ஷ்ரேபரை அவர் ஒருமுறையேனும் சந்தித்ததில்லை. அவருடைய நூல் அவருக்கான சாட்சியாக அன்றி, அவருக்கு எதிரான சான்றாகப் பயன்பட்டது. ஃபிராய்டின் கட்டுரை கூர்மையானது என்பதில் ஐயமில்லை. ஷ்ரேபரின் நூல் அதைவிடப் பெரியது என்பது என் கருத்து. 'காதுகள்' நாவலுக்கும் நாம் அதே செயலைச் செய்துவிடக் கூடாது.

பாடநூலையும் சற்றே பார்த்தேன். உடலியல் கொள்கை, உளப்பகுப்பாய்வுக் கொள்கை, நடத்தைக் கொள்கை, அறிதல் கொள்கை, சமூகப் பண்பாட்டுக் கொள்கை என்று இயல்கள் வரிசையாக நிற்கின்றன. பிறவியில் அமைந்த ஊறுபடுதன்மையும் வாழ்வின் நெருக்கடியும் சேரும்போதே நோய் வெளிப்படும் என்ற கருத்து (1977-இல் ஜூபின், ஸ்பிரிங் என்னும் இருவர் தெளிவாக வகுத்தது) அவற்றுள் எனக்கு மிகவும் ஏற்புடையதாகப் பட்டது. மழையும் வேண்டும், மண்ணும் வேண்டும் என்பது கரிசல்காட்டானுக்குப் புரியாததன்று. ஆயினும் இக்கொள்கைகள் யாவும் 'ஏன் குரல் கேட்கிறது' என்று ஆராய்கின்றனவே அன்றி, 'குரல் என்ன சொல்லுகிறது' என்று கேட்பதில் நாட்டம் குறைந்தவையாக இருக்கின்றன. மெய்யான மருட்சிக்கு முன் மருத்துவன் காரணம் காட்டலாம், உணர்ந்து புரிந்துகொள்ள இயலாது என்று கார்ல் யாஸ்பர்ஸ் 1913-இலேயே ஒரு கோடு கிழித்தார். யாஸ்பர்ஸ் ஆழ்ந்த சிந்தனையாளர்; நோயாளியின் அகவுலகை மதித்தவர். இருப்பினும் அந்தக் கோட்டினைக் 'காதுகள்' அழித்துவிடுகிறது. முந்நூறு பக்கம் படித்தாலும் நூறு பக்கம் படித்தாலும் மகாலிங்கம் நமக்குப் புரியாதவனாவதே இல்லை. குரல்கள் கூச்சலிடும்போதே அவன் அவற்றைக் கவனித்துக்கொண்டிருக்கிறான். சில வேளைகளில் நகைக்கிறான். நோய்க்குள் நோயைப் பார்க்கும் ஒரு கண் விழித்திருக்கிறது. அந்தக் கண்ணுக்குப் பாடநூலில் பெயரில்லை; ஆகவே ஓரத்தில் பென்சில் குறிப்பும் இல்லை.

குரல் என்ன சொல்லுகிறது என்று கேட்ட ஆய்வு ஒன்று நம் மாநிலத்தையும் உள்ளடக்கி நடந்துள்ளது. அமெரிக்க மானிடவியலாளர் டான்யா லூர்மனும், சென்னை மருத்துவர்கள் உள்ளிட்ட அவருடைய குழுவினரும் கலிபோர்னியாவின் சான் மத்தேயோ, கானா நாட்டின் அக்ரா, நம் சென்னை ஆகிய மூன்று இடங்களில் இடத்துக்கு இருபது பேரைக் கண்டு பேசினர். முடிவுகள் 2015-இல் வெளிவந்தன. அமெரிக்கர் பலர் தம் குரல்களைத் தாக்குதலாகவும் மூளைநோயின் குறியாகவும் விவரித்தனர். அக்ராவில் இறைவனின் குரல் கேட்டதாகப் பலர் கூறினர். சென்னையிலோ பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கேட்டது உறவினரின் குரல். சமைக்கச் சொல்லும், குளிக்கச் சொல்லும், வீட்டைக் கூட்டச் சொல்லும் குரல். அறுபது பேரைக் கொண்டு உலகை அளந்துவிட முடியாது. ஆயினும் இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

காரணம் என் அத்தை. தீப்பெட்டி ஒட்டிப் பிழைத்தவர். கழுகாசலமூர்த்தி கோவில் மணியும் எங்கள் மாதா கோவில் மணியும் ஒருங்கே கேட்கும் தெருவில் அவர் வீடு. முப்பது வயதில் அவருக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின. 'கோட்டி' என்றார்கள் ஊரார். அந்தச் சொல்லில் இரக்கமும் உண்டு, ஏளனமும் உண்டு. பேய் என்றார்கள் உறவினர். ஒரு திருத்தலத்தில் மூன்று மாதம் காலில் சங்கிலியோடு கிடந்தார். பிறகு மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். மாத்திரைகள் அவருக்கு உறக்கத்தையும் வேலை செய்யும் கைகளையும் திருப்பித் தந்தன. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் மருந்தை இகழ்ந்து பேசுவது இப்போது சிலருக்கு நாகரிகமாகிவிட்டது. குரல்கள் ஓயவில்லை, தணிந்தன.

கல்லூரியில் உளவியலை ஒரு துணைப்பாடமாகப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நான் அவரிடம் கேட்டேன்: "அத்தை, அந்தச் சத்தம் என்னதான் சொல்லுது?" பெட்டி ஒட்டிய கை நிற்காமலே சொன்னார்: "எங்க அம்மா சத்தந்தாம்ல. மழை வருது, சோளத்தட்டைய எடுத்து உள்ள போடுன்னு சொல்லுதா." என் பாட்டி இறந்து அப்போது ஒன்பது ஆண்டுகள். நானோ படித்தவன். அது உண்மையில்லை, மூளை உண்டாக்கும் மாயம் என்று விளக்கினேன். அவர் தலையசைத்தார். அதன்பின் தம் குரல்களைப் பற்றி அவர் என்னிடம் பேசவே இல்லை.

பேய் என்ற பெயரும் மாயம் என்ற பெயரும் அன்று ஒரே வேலையைத்தான் செய்தன. பேசுகிறவரை விலக்கிவிட்டுப் பெயரை அங்கே அமர்த்தின.

நம் மறைமாவட்டப் பகுதி வாசகர் இவ்விடத்தில் புளியம்பட்டியை நினையாமல் இருக்க முடியாது. புனித அந்தோணியாரின் அந்தத் திருத்தலத்திற்கு மனம் கலங்கியோரைப் பல சமயத்தாரும் அழைத்து வருகின்றனர். பிரெஞ்சு மானிடவியலாளர் பிரிஜித் செபாஸ்தியா அங்கு வருவோரைக் குறித்து 2007-இல் ஒரு நூலே வெளியிட்டார். குடும்பத்தாரோடு தங்குதல், மன்றாடுதல், வலம் வருதல், தன்னைப் போன்ற பிறரைக் காணுதல் ஆகியவற்றால் சிலர் ஆறுதல் பெறுவதை நான் மறுக்கவில்லை. வெளியே விலக்கப்பட்டவரை உள்ளே சேர்த்துக்கொள்ளும் இடங்கள் நம்மிடம் மிகக் குறைவு. ஆனால் ஆறுதலும் சங்கிலியும் ஒன்றல்ல. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டுண்டிருந்தோர் தப்பியோட இயலாமல் இருபத்தெட்டுப் பேர் மாண்டனர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதை வெளிப்படையாகத் தடை செய்தது. திருச்சபையும் தன் பங்குக்கு விழிப்புடனேயே பேசியுள்ளது. ஆயரின் சிறப்பு அனுமதியின்றி எவரும் பேயோட்டும் சடங்கு நிகழ்த்தலாகாது என்பது 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் விதி. 1999-இல் திருத்தி வெளியிடப்பட்ட சடங்குநூல் நோயைப் பேயென்று மயங்காதிருக்க எச்சரிக்கிறது. இந்த எச்சரிக்கை திருத்தலத்து மர நிழலில் படுத்திருக்கும் குடும்பங்களின் காதில் எத்தனை முறை சொல்லப்பட்டது என்பதே என் கேள்வி.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் கல்லறைகளிடையே வாழ்ந்தவனை ஊரார் சங்கிலியால் கட்டிப் பார்த்துத் தோற்றிருந்தனர். இயேசு அவனிடம் பெயரைக் கேட்கிறார், பதில் வருகிறது. நலமடைந்தவன் அவரோடு செல்ல விரும்புகிறான். அவரோ அவனை வீட்டுக்கு அனுப்பி, நிகழ்ந்ததைத் தன் சொந்த மக்களிடம் சொல்லச் சொல்கிறார். மறையுரைகளில் பன்றிகளைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். தன் கதையைத் தானே சொல்லும் உரிமை அவனுக்குத் தரப்பட்டதைப் பற்றி அரிதாகவே கேட்டிருக்கிறேன்.

வெங்கட்ராம் அந்த உரிமையைத் தாமே எடுத்துக்கொண்டார். அதுவே நாவலின் பெருமை. அதன் குறையும் அங்கேயே தொடங்குகிறது. எல்லாக் குரல்களையும் தாமசம், சாத்துவிகம் என்று இரண்டாகப் பிரித்துவிடும் மெய்யியல் சில இடங்களில் அனுபவத்தை முந்திக்கொண்டு பேசுகிறது. குரல்களின் அபத்தமும் அற்பமும்தான் நம்மை நடுங்கச் செய்பவை. அவற்றை அண்டப் போராகப் பெருக்கும்போது நடுக்கம் குறைகிறது. மேலும், இவ்வளவு கேட்கும் நாவல், அந்த ஆண்டுகளில் அடுப்பைப் புகையவிட்டுக் குழந்தைகளைக் காத்த மனைவியின் மனத்தைப் போதிய அளவு கேட்கவில்லை. கோபிகிருஷ்ணனின் 'உள்ளேயிருந்து சில குரல்கள்' இதற்கு ஒருவகையில் மாற்று. 2003-இல் மறைந்த அவர் உளவியல் பயின்றவர். மனநோயாளர் பலரின் கூற்றுகளை மெய்யியல் பூச்சின்றி, வறண்ட நகைச்சுவையோடு அடுக்கியவர். இரண்டையும் சேர்த்தே பாடமாக வைக்கலாம். ஆயினும் இருவரும் எழுதத் தெரிந்த ஆடவர். தீப்பெட்டி ஒட்டும் பெண்ணொருத்தியின் 'காதுகள்' இன்னும் தமிழில் எழுதப்படவில்லை.

இவற்றையெல்லாம் அண்ணன் மகளிடம் சொன்னேன். அவள் பென்சில் குறிப்புகளை அழிக்கவில்லை. அழிக்கும்படி நானும் கூறவில்லை. தேர்வில் அவள் எழுதவேண்டியவை அவைதாமே. மருத்துவனுக்குப் பெயர்கள் தேவை. சிறிது நேரம் பேசாதிருந்தவள், "சித்தப்பா, நம்ம ஆச்சிக்கு வேற என்னெல்லாம் கேட்டுச்சு?" என்றாள்.

மழைக்கு முன் சோளத்தட்டையை உள்ளே எடுத்துப் போடச் சொன்னது மட்டுமே எனக்குத் தெரியும் என்றேன். அவள் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.