ஆறாவது படி

தமிழகக் கத்தோலிக்கப் பங்குகளில் விவிலியத்தைப் பீடத்திலிருந்து வீட்டுக் கூடத்துக்கு இறக்கிக் கொண்டுவந்தது அன்பியம். பங்கைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதரின் பெயர் சூட்டி, வீடு மாற்றி வீடு கூடிச் செபிக்கும் இந்த ஏற்பாட்டின் வேர்களில் ஒன்று இலத்தீன் அமெரிக்காவில் இருக்கிறது. குருவானவர் எப்போதாவது வந்துபோன பிரேசில் கிராமங்களில் ஏழைகள் தாங்களே கூடி இறைவார்த்தையை வாசித்தார்கள். நிலத்தையும் கூலியையும் அதன் வெளிச்சத்தில் வைத்துப் பேசினார்கள். 1968இல் மெதெயின் நகரில் கூடிய ஆயர்கள் இந்த அடித்தளச் சமூகங்களை ஊக்குவித்தனர்.

அன்பியங்களில் விவிலியப் பகிர்வுக்குக் கைகொடுப்பது, தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனம் வகுத்த ஏழு படி முறை. ஆண்டவரை அழைத்தல், வாசித்தல், மனத்தைத் தொட்ட சொல்லைத் திரும்பச் சொல்லுதல், மௌனம், பகிர்தல், செய்ய வேண்டியதை முடிவுசெய்தல், செபித்தல்.

இதன் வலிமை பெரிது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒரு தாயும் ஆசிரியரும் ஒரே பாயில் அமர்ந்து ஒரே வசனத்தைப் பகிர்கிறார்கள். பிரசங்க மேடை கிட்டாத பெண்களுக்கு இங்கே குரல் கிடைக்கிறது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பங்குத்தந்தைக்கு முன்பே அன்பியத்தார் வந்து நிற்கிறார்கள். இதயமும் உறவும் இந்த முறையில் உண்மையாகவே வாழ்கின்றன.

குறை ஐந்தாவது படியில் தொடங்குகிறது. நல்ல சமாரியர் உவமையை வாசித்ததும், ‘நாமும் பிறருக்கு உதவ வேண்டும்’ என்ற பகிர்வுதான் பெரும்பாலும் வருகிறது. தவறில்லை, ஆனால் இயேசு வைத்த முள் அதில் இல்லை. யூதர்கள் ஒதுக்கிவைத்த இனத்தான் ஒருவனையே அவர் கதையின் நாயகனாக்கினார். அது தெரியாதபோது உவமை வெறும் தர்ம உபதேசமாகச் சுருங்கிவிடுகிறது.

அறிவு குறைவதால் வரும் இழப்பு உறவையும் பாதிக்கிறது. அன்பியத்தைத் தெருவாரியாகப் பிரிக்கிறோம். நம் கிராமங்களில் தெரு என்பது பல இடங்களில் சாதி. நிர்வாக வசதிக்காகப் போட்ட கோடு, பழைய பிரிவினைக்குப் புனிதரின் பெயரைச் சூட்டிவிடுகிறது. அந்தக் கூடத்தில் சமாரியரைப் பற்றி வாசிக்கிறோம். நம் ஊரின் சமாரியர் அடுத்த தெருவில், வேறொரு அன்பியத்தில் இருக்கிறார். வசனத்தைக் கேள்வி கேட்காத மனம் தெருவையும் கேள்வி கேட்பதில்லை. அதனால்தான் ஆறாவது படி, திருவிழா வரியையும் நவநாள் பொறுப்பையும் பேசி முடிந்துவிடுகிறது.

எளிய மக்களின் செபத்தில் ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. படித்தவர் ஒருவர் விளக்கத் தொடங்கினால் மற்றவர்கள் வாயடைத்துப்போவார்கள் என்ற அவர்களது அச்சம் நியாயமானது. ஆனால் இதற்கு அறிஞர் தேவையில்லை. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரை உண்டு. உவமையோடு யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தையும் வாசித்தாலே போதும்: யூதர் ஒருவர் தண்ணீர் கேட்டதற்குச் சமாரியப் பெண் ஏன் வியந்தாள் என்பது தனிக் குவளை வைத்த தேநீர்க்கடைகளைக் கண்ட நமக்கு உடனே விளங்கும்.

அன்பியத்தைக் கைவிட வேண்டியதில்லை. அதன் ஏழு படிகளையும் முழுமையாக ஏற வேண்டும். மாதம் ஒருமுறையாவது இரண்டு தெருக்கள் ஒரே வீட்டில் கூடட்டும். போன கூட்டத்தின் ஆறாவது படியில் எடுத்த முடிவு என்னவாயிற்று என்ற கேள்வியோடு அடுத்த கூட்டம் தொடங்கட்டும். கூட்டம் முடிந்து அந்த வீட்டில் தரும் காபியை எல்லோரும் ஒரே வகைக் குவளையில் குடித்தால், அன்று வாசித்த நற்செய்தி புரிந்தது என்று பொருள்.