பதிவெண் உள்ள லாரி, பெயரில்லாத சித்தாள்

தேசூரில் ஒரு நெசவுக் குடும்பத்தின் கூடத்தில், சாமி படங்களுக்குக் கீழே, கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. கட்டுமான இடத்தில் நிற்கும் லேலண்ட் லாரி. பின்னால் சாரம் கட்டிய, பாதி எழும்பிய கட்டடம். படத்தின் முதுகில் மையால் 'நெய்வேலி, 1961' என்றும், அதன் கீழே மூன்று ஆண்களின் பெயர்களும் எழுதியிருக்கிறது. மூவரும் லாரியின் முகப்பில் நிற்கிறார்கள். தறியை விட்டுப் பிழைக்கப்போன அந்த வீட்டு மனிதர் பானெட்டின் மேல் கை வைத்திருக்கிறார். லாரியின் பதிவெண் இன்றும் படிக்க முடிகிற அளவுக்குத் தெளிவு. பின்புறம், லாரியின் நிழலில், இரண்டு பெண்கள். தலையில் சும்மாடு, புடவைக்கு மேல் ஆண் சட்டை. யாரென்று கேட்டால், "அதுங்க சித்தாளுங்க" என்கிறார்கள்.

அந்தச் சொல்லிலேயே கொஞ்சம் நின்றுவிட வேண்டும். சிறு ஆள், சிற்றாள், சித்தாள். கட்டுமானத்தில் இதற்கு எதிர்ச்சொல் பெரியாள். சிறுவனாக வேலைக்கு வருபவன் பெரியாளாகி, கரண்டி பிடித்துக் கொத்தனாராகவும் ஆகிவிடலாம். அறுபது வயதிலும் பெண் சித்தாள்தான். வயதைக் குறிப்பதுபோல ஒலிக்கும் சொல், உண்மையில் கூலியைக் குறிக்கிறது. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்ற சட்டம் 1976இல்தான் வந்தது. படம் எடுத்து 15 ஆண்டுகள் கழித்து.

நெய்வேலியின் கதையை நாம் பெயர்களோடுதான் படித்திருக்கிறோம். தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது பழுப்பு நிலக்கரியைக் கண்ட ஜம்புலிங்க முதலியார், 1956இல் தொடங்கிய நிறுவனம், 1957இல் சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்த நேரு, சோவியத் உதவியோடு 1962இல் மின்சாரம் தந்த அனல்மின் நிலையம். (அந்தக் கிணற்றின் மண்ணைச் சுமந்தது யார் என்று எந்தப் பாடநூலும் கேட்டதில்லை.) 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமோ, பெண்கள் நிலத்தடியில் வேலை செய்யக் கூடாது, மேலே என்றாலும் காலை 6 முதல் இரவு 7 வரைதான் என்றது. பாதுகாப்பு என்று சொல்லப்பட்ட விதி. ஆனால் இரண்டாம் உலகப் போரின்போது நிலக்கரி போதாமல் போனதும், 1943இல் இதே நாட்டில் அந்த நிலத்தடித் தடை தளர்த்தப்பட்டது. போர் முடிந்து 1946இல் திரும்ப வந்தது. பெண்ணின் உடல்நலம் பற்றிய கவலை, கரியின் தேவைக்கேற்ப வந்துபோகிறது. ஷிப்டு உள்ள நிரந்தர வேலைக்கு இரவைக் காரணம் காட்டலாம். ஒப்பந்தக்காரரின் பகல் கூலிக்கு எந்தத் தடையும் இல்லை.

தேசூரிலிருந்து பார்க்கும்போது இது புதிதல்ல. ஆரணிப் பக்கத்துப் பட்டுத்தறியில் தார் சுற்றுகிறவள், இழை அறுந்தால் எடுத்து முடிகிறவள் மனைவியோ மகளோதான். புடவையை நெய்தவர் என்று கூலிக் கணக்கில் ஏறுவது தறியில் உட்கார்ந்த ஆணின் பெயர். அந்த மனிதர் நெய்வேலிக்குப் போனபோது தறியை மட்டும்தான் விட்டுப்போனார். பெயர் எழுதும் வழக்கம் கூடவே போயிருக்கிறது.

இத்தகைய படங்களைப் பற்றி எழுதும் நம் கவிதைகளின்மேலும், என்னுடையவற்றையும் சேர்த்தே, எனக்கு ஒரு புகார் உண்டு. சும்மாட்டைக் கண்டதும் கிரீடம் என்கிறோம், கருத்த முகத்தைக் கண்டதும் காளி என்கிறோம். சும்மாடு கிரீடம் அல்ல. சட்டி உச்சந்தலையை அறுக்காமல் இருக்கச் சுருட்டிய பழந்துணி. கிரீடம் வைத்துவிட்டால் கூலி கேட்க வேண்டியதில்லை என்பது எல்லோருக்கும் வசதி. இன்று செய்யாறு சிப்காட்டுக்கு விடியும் முன்பே பெண்களை ஏற்றிப்போகும் கம்பெனிப் பேருந்துகள் எங்கள் பக்கமெல்லாம் ஓடுகின்றன. இக்காலத் தொழிற்சாலை விளம்பரங்களில் பெண்கள் நடுவில் நின்று சிரிக்கிறார்கள். ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தது முன்னேற்றம்தான். இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படத்தில் அவள் எத்தனை மணிக்கு எழுந்தாள் என்பது தெரியாது. 1961இன் படத்திலோ, நிழலில் என்றாலும், வேலை தெரிகிறது.

கூர்ந்து பாருங்கள். இரண்டு பெண்களில் ஒருத்தி கேமராவைப் பார்க்கவில்லை. அவள் கை லாரியின் பின்கதவுக் கொக்கியில் இருக்கிறது. வண்டியை நிறுத்தினால் போதாது, அந்தக் கொக்கியை யாராவது கழற்றினால்தான் மண் இறங்கும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து அது எட்டாது.