'அன்னா கரீனினா'வும் ஆசிரியர் சலிப்பும்

எழுதத் தொடங்கிய கதையொன்று எழுதியவனுக்கே கசந்துபோதல் இலக்கிய உலகிற் புதுமையான நிகழ்ச்சியன்று. முதற் பத்துப் பக்கங்களை எழுதும்போது இருந்த வேட்கை நூறாம் பக்கத்தில் இருப்பதில்லை. கதைமாந்தர் மரப்பாவைகளாகத் தோன்றுகின்றனர். முன்னர் எழுதியதை எடுத்துப் படிக்கவும் மனம் கூசுகின்றது. கல்லூரிச் சஞ்சிகைக்கெனக் கதை எழுதத் தொடங்கி இரண்டாம் அத்தியாயத்தில் நிறுத்திவிட்ட மாணவரும் இந்நிலையை அறிவர். இவ்வாறு தளர்ந்தவர்க்குப் பெரியோர் கூறும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றே: முயற்சியைக் கைவிடாதே என்பது. நல்ல அறிவுரைதான். ஆயினும், முயற்சியொன்றினாலேயே முடிக்கப்பட்ட கதையில் வியர்வை நாற்றமன்றி வேறு மணம் இராதென்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

ருஷ்ய நாட்டுப் பேரெழுத்தாளராகிய லியோ தோல்ஸ்தோய் இயற்றிய 'அன்னா கரீனினா' உலக நாவல்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுவது. அதனை எழுதிய நான்காண்டுகளிற் பெரும்பகுதி அது அவருக்குத் தாங்கொணாச் சுமையாய் இருந்ததென்பதைப் படிப்போருட் பலர் அறியார். வெறுத்த கதையை அவர் எங்ஙனம் முடித்தார் என்பது வெறும் வரலாற்று வினாவன்று. அந்நாவலின் எட்டாம் பாகத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் விமர்சன வினாவுக்கும் விடை அதிலேயே அடங்கியுள்ளது.

தொடக்கம் மிக எளிதாய் அமைந்தது. 1872ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், தோல்ஸ்தோயின் அயலவர் ஒருவரின் காதற்கிழத்தியாயிருந்த அன்னா பிரகோவா என்னும் பெண் அண்மையிலிருந்த புகையிரத நிலையத்தில் வண்டியின் கீழ் விழுந்து உயிர் நீத்தாள். அவ்வுடலைத் தோல்ஸ்தோய் நேரிற் கண்டார். அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில், புஷ்கின் எழுதி முடியாது விட்ட உரைநடைத் துண்டொன்றை வாசித்தபொழுது, முன்னுரையேதுமின்றிக் கதையின் நடுவே புகுந்துவிடும் அதன் தொடக்கம் அவரைக் கவர்ந்தது. அன்றே எழுத உட்கார்ந்தார். சில கிழமைகளில் நாவல் முடிந்துவிடுமென்றும் நம்பினார். முடிந்ததோ 1877ஆம் ஆண்டில்.

இடையில் நடந்தவை பல. 1873 கோடையிற் சமாரா மாகாணத்துக்குச் சென்றவர் அங்கே பஞ்சத்தைக் கண்டு, அம்மக்களுக்கு உதவுமாறு வேண்டிப் பத்திரிகைக்கு எழுதினார். 1874இல் நாவலின் முதற்பகுதியை அச்சகத்திற் கொடுத்து எழுத்துக் கோக்கவும் தொடங்கியபின், அது பிடிக்கவில்லையென்று நிறுத்திவிட்டார். அதே காலத்தில் அவர் மனம் முழுவதையும் வேறொன்று கவர்ந்திருந்தது. அது கிராமப் பாடசாலை. 1859இலேயே யாஸ்னயா பொல்யானாவிலுள்ள தம் இல்லத்திற் குடியானவர் பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைத்தவர் அவர். 1872இல் அவர் வெளியிட்ட 'அஸ்புகா' என்னும் அரிச்சுவடி நம்மவர் அறிந்த பாலபாடங்களைப் போல எழுத்தறிவித்தல் முதலாகக் கதை, கணிதம் ஈறாக அமைந்தது. அது எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. மனம் தளராது, எழுத்தறிவிக்கும் முறைபற்றி 1874இல் மொஸ்கோவில் வாதிட்டார், கட்டுரை எழுதினார், அரிச்சுவடியை முற்றாகத் திருத்தி 1875இற் 'புதிய அஸ்புகா'வை வெளியிட்டார். உயிருள்ள பிள்ளைகளை விட்டுக் கற்பனை மாந்தரிடம் செல்லத் தம்மால் இயலவில்லை என்னும் கருத்துப்பட உறவினர் ஒருவருக்கு அவர் கடிதமும் எழுதினார். நாவலாசிரியர் ஒருவர் தம் தலைசிறந்த நாவலைப் புறக்கணித்து 'அ' எழுதப் பழக்கும் நூலுக்குப் பின்னே ஓடியமை இலக்கியப் பேராசிரியர்க்கு வியப்பாக இருக்கலாம்; பாடசாலை ஆசிரியர்க்கு இராது.

துயரும் வந்து சேர்ந்தது. 1873 நவம்பர் முதல் 1875இன் முடிவுவரை அவ்வில்லத்தில் மூன்று குழந்தைகளும், அவரை வளர்த்த அத்தை உட்பட முதிய உறவினர் இருவரும் இறந்தனர். இந்நிலையில் நாவல் இனித்திருக்குமாயின் அதுவே வியப்பு.

இக்காலத்து அவர் கடிதங்களில் நாவலைப்பற்றிய சொற்கள் கடுமையானவை. 1875 ஆகஸ்டில், அச்சலிப்பூட்டும் இழிந்த கதைக்குத் தாம் திரும்புவது வேறு வேலைகளுக்கு இடமொழிக்கும் பொருட்டேயென்று எழுதினார். அவ்வாண்டின் இறுதியில், வேறு யாரேனும் அதனை முடித்துத் தரமாட்டாரா என ஏங்கினார். ஆயினும், 1876 மார்ச்சிலே தம் உறவினராகிய அலெக்சாந்திரா தோல்ஸ்தாயாவுக்கு எழுதிய கடிதத்தில் தொனி சற்று மாறுகின்றது. அன்னா தமக்குக் கசந்துவிட்டாள் என்று கூறியவர், தீக்குணம் படைத்த வளர்ப்புப் பெண்ணைப்போல அவளோடு மல்லாடுகின்றார் என்றும், ஆனால் அவளைத் தாம் மகளாக ஏற்றுக்கொண்டமையாற் பிறர் அவளை இகழக்கூடாதென்றும் வேண்டுகின்றார். சலிப்பு நீங்கிற்று என்று இங்கே கூறமுடியாது. சலிப்பினூடே ஓர் உறவு பிறந்துவிட்டது எனலாம்.

வெளியிலிருந்து வந்த கட்டாயம் இல்லாமலில்லை. கத்கோவ் நடத்திய 'ரூஸ்கி வேஸ்த்னிக்' என்னும் சஞ்சிகை அச்சுத்தாள் ஒன்றுக்கு 500 ரூபிள் தர உடன்பட்டு 1875 ஜனவரியிலிருந்து நாவலை வெளியிட்டது. நான்கு மாதம் வந்து நின்றது. 1876இல் மீண்டும் நான்கு மாதம் வந்தது. பின்னர் டிசம்பர் வரை மௌனம். வாசகர் காத்திருந்தனர், பணம் பெற்றாயிற்று, வாக்குக் கொடுத்தாயிற்று. இக்கட்டாயமே நாவலை முடித்ததென்று கூறுவோர் உளர். கட்டாயம் நாவலை அழியாது காத்தது என்பது உண்மை. தொடர் வெளிவரத் தொடங்கியிராவிடின் 1875இலேயே அக்கைப்பிரதி பெட்டிக்குள் போயிருக்கும். ஆனால் எழுத்தாளனை மேசைக்கு இழுத்துவரும் ஆற்றல் கட்டாயத்துக்கு உண்டேயன்றி, அவன் எழுதும் பக்கத்துக்கு உயிர் கொடுக்கும் ஆற்றல் இல்லை.

அவரது விடாமுயற்சியே காரணமென்பதும் பொருந்தாது. விடாமுயற்சி அவரது பிறவிக்குணமாயின், மகா பீற்றர் காலத்துச் சரித்திர நாவலையும் அவர் முடித்திருத்தல் வேண்டும். 'அன்னா கரீனினா'வுக்கு முன் அதற்கெனப் பெருந்தொகையான நூல்களைப் படித்தார், குறிப்பெடுத்தார், மீண்டும் மீண்டும் முதலத்தியாயம் எழுதினார், இறுதியிற் கைவிட்டார். 1825ஆம் ஆண்டுக் கிளர்ச்சியாளரான டிசம்பரிஸ்டுகளைப் பற்றிய நாவலை 'அன்னா'வுக்கு முன்னும் பின்னும் தொடங்கிப் பார்த்தார், அதுவும் முடியவில்லை. ஆகவே, முடிக்காது விடுவது அவருக்குப் புதிய பழக்கமன்று. பீற்றர் காலத்து மக்களின் அன்றாட வாழ்வு தம் மனக்கண்ணில் தோன்றவில்லையென்பது அவர் கூறிய காரணம். அக்கதைக்குள்ளே அவருடைய சொந்த வாழ்வு நுழைவதற்கு ஒரு கதவும் இருக்கவில்லை. 'அன்னா கரீனினா'வில் அக்கதவு இருந்தது. அதன் பெயர் லெவின்.

முதல் வரைவுகளில் லெவினின் கதை இல்லை. கணவனைத் துறந்து வேறொருவனுடன் சென்ற பெண்ணொருத்தியின் கதை மட்டுமே ஆசிரியர் கருத்தில் இருந்தது. அவ்வரைவுகளில் அவள் அழகோ நுண்மையோ வாய்ந்தவளாகவும் இல்லை. எழுத எழுத, நாட்டுப்புற நிலக்கிழாராகிய லெவினும் அவன் மணக்கும் கிற்றியும் கதைக்குள் வந்து பாதியிடத்தைப் பிடித்துக்கொண்டனர். தோல்ஸ்தோயை நாவலிலிருந்து பிரித்து இழுத்த ஒவ்வொன்றும் பின்னர் இவ்வழியே நாவலுக்குள் வந்து சேர்ந்தமை கவனிக்கத்தக்கது. 1873இல் அவர் உருவப்படத்தை எழுத வந்து காலத்தைக் கொண்டுபோன ஓவியர் கிராம்ஸ்கோய், ஐந்தாம் பாகத்து ஓவியன் மிகாய்லொவ்வின் சாயலில் மீண்டும் வருகின்றார். வீட்டில் நேர்ந்த மரணங்களின் நிழல், லெவினின் தமையன் நிக்கொலாய் இறக்கும் அத்தியாயத்தில் விழுகின்றது. நாவல் முழுவதிலும் தலைப்பிடப்பட்ட அத்தியாயம் அதுவொன்றே. அதன் தலைப்பு 'மரணம்'. குடியானவருடன் வரிசையில் நின்று லெவின் புல்லறுக்கும் மூன்றாம் பாகத்து அத்தியாயங்களின் நடையை அரிச்சுவடிக்கென அவர் எழுதிய 'காக்கேசியக் கைதி'யின் நடையோடு ஒப்புநோக்கினால், பிள்ளைகளுக்கு எழுதியதால் அவர் கை எவ்வளவு எளிமை பெற்றதென்பது புலனாகும். அரிச்சுவடி நாவலின் காலத்தைத் திருடியது. திருடியதை நடையாகத் திருப்பிக் கொடுத்தது.

பாடசாலையே இன்னும் விசித்திரமான முறையில் உள்ளே வருகின்றது. பாடசாலைக்காக நாவலை விட்டவர், தம் சாயலிற் படைத்த லெவினைப் பாடசாலைகளால் யாது பயனென்று தன் அண்ணனோடு வாதாடச் செய்கின்றார். 1877இல் வெளிவந்த ஏழாம் பாகத்திலோ, லெவின் அன்னாவை முதன்முதலாகச் சந்திக்கும் இடத்தில், அவள் சிறுவர்க்கான நூலொன்றை எழுதிக்கொண்டிருக்கக் காண்கின்றான்! அதனை அவள் பெரிதாக மதிக்கவில்லை. சிறையிலுள்ளோர் பொழுதுபோக்கச் செதுக்கும் கைவேலைகளுக்கு ஒப்பிடுகின்றாள். கிராமப் பாடசாலையில் ஈடுபடுமாறு விரான்ஸ்கி தூண்டியும் தன் மனம் அதிற் பதியவில்லை என்கிறாள். அதற்கு அவள் கூறும் காரணம், செயலூக்கம் அன்பிலே தங்கியுள்ளது, அன்பையோ கட்டளையிட்டு வருவித்தல் இயலாது என்பதாகும். அவ்வறையில் இருப்போருக்கு அஃது ஒரு நாகரிகப் பெண்ணின் மறுமொழி. அவ்விடத்தை எழுதியவருக்கு அது நான்காண்டு அனுபவம். தம்மை வருத்திய நோயைத் தம் கதாநாயகியின் வாயிலே வைத்தார். அவள் அந்நோயினால் அழிந்தாள். அவர் அதனை எழுதித் தப்பினார்.

நாவல் எங்கும் இவ்வாறு உயிர்த்து நிற்கிறதென்று கூறுதல் மிகையாகும். ஆறாம் பாகத்தில் வரும் மாகாணப் பிரபுக்கள் தேர்தல் நீண்டு செல்கின்றது. அங்கே லெவின் எதற்கு எப்படி வாக்களிப்பதென்று விளங்காது தடுமாறுவதுபோல வாசகனும் தடுமாறுகின்றான். ஆசிரியர் சலிப்பு மறைக்கப்படாது தெரியும் இடம் அது. ரசிகர் சிலர் அதனையும் நகைச்சுவையென்று போற்றுவர். போற்றட்டும், பக்கங்கள் குறையமாட்டா.

நாவலின் இரு கதைகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்னும் குறை அக்காலத்திலேயே கூறப்பட்டது. கூறியவருள் ஒருவர் ரச்சின்ஸ்கி. மொஸ்கோப் பல்கலைக்கழகத்தில் தாவரவியற் பேராசிரியராயிருந்து, டார்வினின் நூலை ருஷ்ய மொழியிற் பெயர்த்து, பின்னர் எல்லாவற்றையும் விட்டுத் தம் கிராமத்திற் குடியானவர் பிள்ளைகளுக்கு ஆசிரியராய் அமர்ந்தவர் அவர். நாவலிற் கட்டடக்கலை இல்லை என்ற அவரது கருத்துக்கு 1878 ஜனவரியில் தோல்ஸ்தோய் விடை எழுதினார். கட்டடக்கலையே தமக்குப் பெருமை தருவது, வளைவுகள் சேருமிடம் கண்ணுக்குத் தெரியாதபடி கட்டப்பட்டுள்ளது, இணைப்பு கதைநிகழ்ச்சியிலோ மாந்தரின் அறிமுகத்திலோ இல்லை, உள்ளே இருக்கின்றது என்பது அவ்விடையின் சாரம். ஆசிரியர் தம் நூலுக்காகக் கூறும் வாதத்தை முழுதும் நம்பவேண்டியதில்லை. எனினும், நூல் எழுதப்பட்ட வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கையில் அதற்கு வலுவுண்டு. ஒரு கதையை எழுத முடியாதபொழுது அவர் வாழ்ந்த வாழ்வே மற்றைக் கதை. ஆகவே, இரண்டையும் பிரித்துவிட்டால் முதற்கதையும் முடிந்திராது.

இவ்வுண்மையைக் கத்கோவ் உணரவில்லை. ஏழாம் பாகத்தின் ஈற்றில் அன்னா புகையிரதத்தின் கீழ் இறக்கின்றாள். அதன்பின் எட்டாம் பாகம் வருகின்றது. சேர்பியாவுக்காகத் துருக்கியரோடு போரிடச் சென்ற ருஷ்யத் தொண்டர்களைப்பற்றி அதிற் சொல்லப்பட்ட ஐயங்கள் கத்கோவின் அரசியலுக்கு ஒவ்வாமையால், மாற்றுமாறு கேட்டார், தோல்ஸ்தோய் மறுத்தார். 1877 மே இதழில், கதாநாயகி இறந்தமையால் நாவல் முடிந்ததெனக் கருதலாம் என்ற போக்கிற் குறிப்பொன்றை வெளியிட்டுச் சஞ்சிகை ஒதுங்கிக்கொண்டது. எட்டாம் பாகத்தை ஆசிரியர் தம் செலவில் தனி நூலாக வெளியிட்டார். முந்திய ஆண்டுகளில் யாரேனும் முடித்துத் தரமாட்டாரா என்று ஏங்கியவர், முடிந்துவிட்டதென்று பிறர் கூறியபோது இல்லையென்று எழுந்து நின்றார். அப்பாகத்தைப் பிற்சேர்க்கையென்று கருதி விரைந்து புரட்டுவோர் இந்நிகழ்ச்சியை மனத்திற் கொள்ளல் நன்று. அன்னாவின் கதைக்காக அவர் எட்டாம் பாகத்தை எழுதினார் அல்லர். எட்டாம் பாகத்தை எழுதுவதற்காகவே அன்னாவின் கதையைச் சுமந்து முடித்தார் என்று கூறுமளவுக்கு அதில் வேகம் உண்டு.

அதில் லெவின், வாழ்வதன் பொருள் தெரியாது தற்கொலையை அஞ்சிக் கயிற்றை ஒளித்துவைப்பவனாக வருகின்றான். ஆன்மாவுக்காக வாழும் கிழவன் ஒருவனைப்பற்றிக் குடியானவன் சொல்லிய சொல்லொன்று அவனை விழிப்பிக்கின்றது. அன்றிரவு மேல்மாடத்தில் நின்று மின்னலிடையே விண்மீன்களை நோக்கியபடி, தான் கண்டதைத் தன்னுள்ளே உறுதிப்படுத்துகின்றான். அப்பொழுது கிற்றி வருகின்றாள். சொல்லிவிடலாமோ என்று எண்ணுகின்றான். அவளோ, அண்ணனுக்கு ஒதுக்கிய மூலையறையில் எல்லாம் ஒழுங்காய் உள்ளனவா, முகங்கழுவும் புதிய மேசை வைக்கப்பட்டதா என்று போய்ப் பார்த்து வருமாறு கூறுகின்றாள். அவனும் சொல்லாது, சரியென்கிறான்.