பட்டது யார்? – கழிவுநீர் நிலையத்தின் ஆண்டறிக்கையை வாசித்தல்

விமர்சனம்னா கதை, கவிதை, நாவலைப் பத்தி மட்டும்தான் எழுதணும்னு ஒரு பழக்கம் நம்மிடையே இருக்கு. அரசாங்கம் எழுதுறது பிரதி இல்லையா? கலெக்டர் ஆபீஸ் உத்தரவும், முனிசிபாலிட்டி தீர்மானமும், வாரியத்தின் ஆண்டறிக்கையும் பிரதிகள்தான். நாவலாவது நாலு பேர் வாசித்ததோடு நின்றுவிடும். இவை சம்பளத்தை நிர்ணயிக்கின்றன, சில நேரம் சாவையும் நிர்ணயிக்கின்றன. அதனால் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களைப் பற்றி எழுதப்படுகிற ஆண்டறிக்கை என்ற இலக்கிய வகையை இங்கே வாசிக்கலாம்.

சென்னையையே எடுத்துக்கொள்வோம். குடிநீர் வாரியம் 1978-ல் உண்டானது. கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் இருக்கிற நிலையங்களுக்குத்தான் நகரத்தின் பெரும்பகுதிப் பீயும் மூத்திரமும் குளித்த தண்ணீரும் போய்ச் சேருது. இதில் கொடுங்கையூரும் பெருங்குடியும் நகரத்தின் பெரிய குப்பை மேடுகள் இருக்கிற இடங்களும்தான். குப்பையும் அங்கேதான், சாக்கடையும் அங்கேதான். ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய பூகோளத்தை நகரத் திட்டம் மறக்கவேயில்லை என்பதற்கு இதைவிட வேறு வரைபடம் வேண்டாம்.

இப்படிப்பட்ட நிலையங்களின் அறிக்கைகளில் முதலில் கண்ணில் படுவது இலக்கணம். அகற்றப்பட்டது, தூர்வாரப்பட்டது, பழுது நீக்கப்பட்டது, சீர்செய்யப்பட்டது, பராமரிக்கப்பட்டது. வருசம் முழுக்க இப்படித்தான் முடியுது. தமிழ் வினைமுற்றுக்கு ஒரு குணம் உண்டு. வாரினான், வாரினாள், வாரினார்கள் என்று சொன்னால் போதும். ஆள் ஆணா பெண்ணா, ஒருத்தரா பலரா என்று வினையே சொல்லிவிடும். தமிழில் ஆளை ஒளித்துவைப்பது கஷ்டம். அதற்காகத் தனியாக உழைக்கணும். அந்த உழைப்பைத்தான் இந்த அறிக்கைகள் செய்கின்றன. ‘சல்லடை சுத்தம் செய்யப்பட்டது’ என்று எழுதும்போது எழுவாய் இடத்தில் சல்லடை வந்து உட்கார்ந்துகொள்கிறது. கையால் வாரியவர் உயர்திணை, வாரப்பட்டது அஃறிணை. வாக்கியத்தில் மிஞ்சுவது அஃறிணை மட்டும். ‘படு’ என்ற வினைக்கு நம் தெருவில் இன்னொரு பொருள் உண்டு. ‘பட்டவனுக்குத்தான் தெரியும்’ என்று சொல்கிறோமே, அந்தப் பொருள். அறிக்கை முழுக்கப் பட்டது, பட்டது என்று எழுதுகிறவர்களிடம் நாம் கேட்கவேண்டியது ஒன்றுதான். சரி, பட்டது யாரு?

அந்த ஆண்டை ஒருமுறை நடந்து பார்ப்போம். கணக்கு ஆண்டு ஏப்ரலில் தொடங்குது. கோடையில் ஊரில் தண்ணீர் குறையும். குறைந்த தண்ணீரில் வருகிற சாக்கடை கெட்டியாக இருக்கும். வெயிலில் குழாய்க்குள்ளேயே அழுகி, காற்றில்லாமல் புளித்து, ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயுவைக் கக்கும். அந்த வாயு ஈரச் சுவரில் அமிலமாகி கான்கிரீட்டையே தின்னும். நிலையத்தின் வாசலில் கம்பிச் சல்லடை. துணி, முடி, பாலிதீன், நாப்கின், செத்த எலி எல்லாம் அங்கேதான் மாட்டும். இயந்திரச் சல்லடை ஓடும்வரை ஓடும். துணி சுற்றி நின்றுபோனால் கம்பியோடு மல்லுக்கட்டுவது மனுசக் கை. அடுத்து மணல் தங்கும் தொட்டி. அதற்கடுத்த தொட்டியில் கனமான கசடு அடியில் படியும். அதற்கப்புறம் காற்றூட்டும் தொட்டி. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று பெருகும். 1914-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் வெளியிட்ட முறை இது. இன்றைக்கும் உலகின் பாதி நகரங்களின் மானம் இந்தக் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளின் வயிற்றில்தான் இருக்கு என்று சொன்னால் மிகையில்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பாதாளச் சாக்கடையில் மழைத்தண்ணீர் புகும். தாங்கும் அளவைவிடப் பல மடங்கு நீர் வந்தால் தொட்டியிலிருக்கிற உயிர்க்கசடே அடித்துக்கொண்டு போய்விடும். திரும்ப வளர்க்க வாரக்கணக்கில் ஆகும். கசடு உலர்த்தும் மணல் படுகையில் கசடு உலராது. ஈரக் கசடைப் பாண்டில் வாரி மாளாது. மழை விட்டதும் ஜனவரி, பிப்ரவரியில் பம்பைப் பிரித்துப் பூட்டுவதும், தொட்டியை வடிய வைத்து அடியில் இறுகியதை வெட்டியெடுப்பதும் நடக்கும். மார்ச்சில் பில் பாஸ் ஆகணும், காண்ட்ராக்ட் புதுப்பிக்கணும். இயந்திரத்தின் காண்ட்ராக்ட் மட்டுமல்ல, ஆட்களின் காண்ட்ராக்டும்தான். அறிக்கையில் இது முழுக்க மூன்று சொல்லில் அடங்கும்: இயக்கமும் பராமரிப்பும் மேற்கொள்ளப்பட்டன.

இனி, இந்தப் பிரதி எதை எண்ணுகிறது என்று பார்க்கணும். எண்ணுவதில் இது கில்லாடி. எத்தனை எம்.எல்.டி. வந்தது, எத்தனை யூனிட் கரண்ட், எத்தனை டன் கசடு. காற்றூட்டும் தொட்டியில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கணும் என்று பார்த்துப் பார்த்து அளப்பார்கள். ஏன்னா, காற்று நின்றால் அந்தப் பூச்சிகள் செத்துப்போகும். அவை செத்தால் நிலையமே செத்தது. நல்லது, அளக்கட்டும். ஆனால் பத்தடி தள்ளி, பம்புக் கிணற்றுக்குள் இறங்குகிற ஆளுக்கு அங்கே எவ்வளவு ஆக்சிஜன் இருந்தது என்கிற எண் ஆண்டறிக்கையின் எந்த அட்டவணையிலாவது அச்சாகிறதா? பூச்சிக்கு இருக்கிற மீட்டர் மனுசனுக்கு ஏன் இல்லை?

இன்னொன்று. கசடைச் செரிக்க வைக்கிற மூடிய கலத்திலிருந்து மீத்தேன் கிடைக்குது. அதை வைத்து எஞ்சின் ஓட்டிக் கரண்ட் எடுக்கிறார்கள். சென்னை நிலையங்களில் 2000-களின் நடுவிலிருந்தே இது நடக்குது. நல்ல தொழில்நுட்பம், மறுக்கவில்லை. ஆனால் அந்த வாயுவை எஞ்சினுக்குள் விடுவதற்கு முன்னால் ஹைட்ரஜன் சல்பைடைக் கழுவி நீக்குவார்கள். எதுக்கு? எஞ்சினின் உலோகம் அரித்துவிடுமாம். இரும்பு அரிக்கக்கூடாது என்பதற்குத் தனி இயந்திரம், தனிச் செலவு, அறிக்கையில் தனிப் பத்தி. அதே வாயு நுரையீரலுக்குள் போவதற்கு முன்னால் கழுவ என்ன இருக்கு? இந்த ஒரு ஒப்பீட்டில் இந்தப் பிரதியின் முழு அறமும் வெளிப்பட்டுவிடுது.

அந்த வாயுவின் குணத்தையும் சொல்லணும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகின முட்டை வாடை. காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு அளவுக்கு ஏறினால் சில நிமிசத்திலேயே மூக்கு மரத்துவிடும், வாடையே தெரியாது. 700-ஐத் தாண்டினால் ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடலாம். முதலில் இறங்கியவரைத் தூக்க இறங்கின இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் சாவது இதனால்தான். ‘நாத்தம் புடிச்சவங்க’ என்று நம்மை வாழ்நாளெல்லாம் சொன்ன சமூகம், நாற்றமே தெரியாத இடத்தில் வைத்துக் கொல்லுது. நாற்றம் என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் நறுமணம் என்றும் பொருள் இருந்தது. சொல்லின் பொருள் எப்படிக் கீழிறங்கியது என்று ஆராய்கிற புலவர்கள், ஆளைக் கீழே இறக்கியது யார் என்றும் கொஞ்சம் ஆராயலாம்.

ஆய்வுக்கூட எண்களுக்கு வருவோம். பி.ஓ.டி. என்பதுதான் இந்தப் பிரதியின் கதாநாயகன். தண்ணீரில் மிச்சமிருக்கும் அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்கிற அளவு. வெள்ளைக்காரன் 20 டிகிரியில் 5 நாள் வைத்துப் பார்த்ததை, நம் சூட்டுக்கு ஏற்ப 27 டிகிரியில் 3 நாள் என்று இங்கே மாற்றிக்கொண்டார்கள். சுத்திகரித்து வெளியே விடுகிற நீரில் இது லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது பழைய வரம்பு. 2017-ல் பெருநகரங்களுக்கு 20 ஆக்கினார்கள். 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 10 என்றது. ஆறு சுத்தமாகணும், அதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. கூவம் கரையில் குடியிருப்பதும் நம் சனம்தான்.

ஆனால் மனுசனுக்கான வரம்பு எப்படி நகர்ந்தது? 1993-ல் ஒரு சட்டம். அது உலர் கழிப்பிடத்தைத்தான் பார்த்தது. 2013-ல் இன்னொரு சட்டம். பாதுகாப்பில்லாமல் சாக்கடைக்குள்ளும் மலக்குழிக்குள்ளும் ஆளை இறக்குவது குற்றம், முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை என்றது. 2014-ல் உச்சநீதிமன்றம், 1993 முதல் இப்படிச் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடு என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. கவனியுங்கள்: தண்ணீருக்கான எண் 30-லிருந்து 10-க்கு இறங்கியது. சாவுக்கான எண் 10-லிருந்து 30-க்கு ஏறியது. தண்ணீரின் அழுக்கைக் குறைக்க வரம்பு. மனுசனின் சாவுக்கு விலை மட்டும். ‘இந்த வருசம் சாவு பூஜ்யம்’ என்பதை பி.ஓ.டி. போலத் தினமும் அளந்து கையெழுத்துப் போடவேண்டிய வரம்பாக யாரும் வைக்கவில்லை. 2019-லிருந்து 2023 வரை நாட்டில் 377 பேர் சாக்கடையிலும் மலக்குழியிலும் செத்ததாக ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. அரசின் கணக்கே இவ்வளவு.

‘நிலையத்துக்குள் சாதி ஏது? அங்கே ஆப்பரேட்டர், பிட்டர், ஹெல்ப்பர்தானே’ என்று சில தோழர்கள் கேட்பார்கள். 2024-ல் ஒன்றிய அரசு நாடு முழுக்கச் சாக்கடை, மலக்குழித் தொழிலாளர்கள் சுமார் 38,000 பேரின் விவரத்தை வெளியிட்டது. 91.9 சதவீதம் பேர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர்; பட்டியல் சாதி மட்டும் 68.9. பதவிப் பெயரை மாற்றினாலும் ரத்த உறவு மாறவில்லை. தமிழ்நாட்டில் 2020-ல் ‘துப்புரவு’ போய் ‘தூய்மை’ வந்தது. இரண்டும் ஒரே பொருள். இரண்டுமே செய்கிறவருக்கு ஒட்டாத பொருள். இந்தியாவில் ஒருவன் மலம் அள்ளுவதால் தோட்டி ஆவதில்லை, அள்ளினாலும் அள்ளாவிட்டாலும் பிறப்பால் தோட்டி ஆக்கப்படுகிறான் என்று அம்பேத்கர் 1945-லேயே எழுதினார். தானியங்கி பம்பு வந்த பிறகும் அந்தக் கணக்கு தானாகவே இயங்குது.

நம் இலக்கியம் இதை எப்படிப் பார்த்தது? தகழி 1947-ல் ‘தோட்டியின் மகன்’ எழுதினார். சுந்தர ராமசாமி தமிழில் கொண்டுவந்தார். ஆலப்புழை முனிசிபாலிட்டியில் மூன்று தலைமுறையாக வாளி கைமாறுகிற கதை. வாளி கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் நாவல் வந்தது. அப்புறம் குழாய் வந்தது. வாளியோடு தோட்டியும் போய்விட்டான் என்று படித்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். குழாய் பூமிக்கடியில் போனபோது அவனும் அதோடு அடியில் போனான், அவ்வளவுதான். அவனை மறுபடி மேலே கொண்டுவந்து காட்ட 2017-ல் திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படம் தேவைப்பட்டது. நாமும் விளக்குமாறு, வாளி, பறை என்ற படிமங்களோடு நின்றுவிடக்கூடாது. அளவுமானி, ஒப்பந்தப் பத்திரம், வருகைப் பதிவேடு, ஷிப்ட் டைரி இவையெல்லாம் இன்றைய தலித் எழுத்தின் கச்சாப்பொருள். இரவு ஷிப்டில் கரண்ட் போய் ஊதுகுழாய் நின்றதும் ஓடுகிற ஆள் என்ன நினைத்தான் என்பதை அவனைத் தவிர யார் எழுதுவது?

2019-ல் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா 4.5 கோடி லிட்டர் நீரை நாள்தோறும் இன்னும் சுத்தமாக்கித் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிற நிலையங்கள் வந்தன. ஒன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம்; மற்றொன்று மணலிக்கு. பீயாக இருக்கும்வரை நம்முடையது, தண்ணீரானதும் கம்பெனியுடையது. தீட்டு கழிந்து காசாகிற ரசவாதத்தில் தீட்டை மட்டும் தொட்ட கையோடு விட்டுவிடுகிறார்கள்.

பொறியாளர்களுக்கு ஒரு விதி உண்டு: உள்ளே வந்ததெல்லாம் வெளியே போனதோடும் தங்கினதோடும் சரியாக வரணும், வராவிட்டால் கணக்கில் தப்பு. அதே விதியை ஆட்களுக்கும் போடச் சொல்கிறோம். ஆண்டறிக்கையில் ஒரே ஒரு பக்கம் கூடுதலாக வேண்டும். நிரந்தரம் எத்தனை பேர், காண்ட்ராக்டில் எத்தனை பேர், காண்ட்ராக்டருக்குக் கீழே இன்னொரு காண்ட்ராக்டரிடம் எத்தனை பேர். கிணற்றிலும் தொட்டியிலும் எத்தனை முறை ஆள் இறங்கியது, யார் உத்தரவு, இறங்குமுன் வாயு அளவு என்ன. எத்தனை பேருக்கு மருத்துவப் பரிசோதனை, எத்தனை பேருக்குக் காயம். ஏப்ரலில் வேலைக்கு வந்தவர்களில் மார்ச்சில் எத்தனை பேர் இருக்கிறார்கள், மற்றவர்கள் எங்கே போனார்கள். அந்தப் பக்கத்தில் மட்டும் வாக்கியங்கள் ‘பட்டது’ என்று முடியக்கூடாது. இறங்கினார், வாரினார், மயங்கினார், பிழைத்தார் என்று பேரோடு எழுதணும். எழுத மறுத்தால் நாம் எழுதுவோம். வேலை செய்கிறவர்களிடம் டைரி இருக்கு, நம்மிடம் பத்திரிகை இருக்கு.