ஐட்லிங்கில் ஒரு கேள்வி, ஏற்றத்தில் ஒரு கேள்வி

மோட்டார் வேலையில் கைத்திறனை மெச்சுகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிறவரைத்தான் மெச்சுகிறார்கள். பிரிக்காமலே கோளாறைச் சொல்லிவிடுகிறவரின் கலை அதைவிட உயர்ந்தது என்பது என் கட்சி. அதற்கு நான் முன்வைக்கும் சான்று, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் பூட்டிய காரின் பைபாஸ் வால்வு. ஒரு வட்டத் தகடு, அதைத் திருப்பும் சின்ன லீவர், ஒரு ஸ்பிரிங், ஒரு இறப்பர் டயப்ரம், அதற்கு வரும் மெல்லிய வக்யூம் ஹோஸ்: சாமான் இவ்வளவுதான். இத்தனை சொற்பமான பொருளிலிருந்து ஒன்றுக்கொன்று நேரெதிரான கோளாறுகள் பிறக்கின்றன. அவற்றைப் பிரித்தறிய இரண்டு மூன்று கேள்விகளே போதும். ஆனால் சரியான கேள்வியைச் சரியான இடத்தில் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலவை வைத்து இதைப் பேசக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. சொந்தப் பாவனைக் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் இருந்த காரைக் காப்பாற்றி ஓடுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. சூப்பர்சார்ஜர் பூட்டிய பென்ஸ் சி 180 கொம்ப்ரெசரும் மினி கூப்பர் எஸ்ஸும் அப்படித்தான் கைமாறிக் கைமாறி முதுமை அடைந்தன. கொழும்பில் ஏஜென்ட் கராஜ் இருக்கிறது. பல்லேபொல போன்ற சிற்றூரில் அப்படியொரு கார் நின்றுவிட்டால், ஒரு மெக்கானிக்கின் கையில் இருப்பவை வக்யூம் கேஜும் காதும் பக்கத்து ஏற்றமும்தான். நான் சொல்லும் கலைக்கு அவை போதும்.

வால்வின் நோயை அறிய, அது ஏன் பிறந்தது என்பதை அறிய வேண்டும். அமெரிக்காவின் இண்டியானாவில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற ஊதுகருவிதான் இன்றைய பல சூப்பர்சார்ஜர்களின் மூதாதை. 1921இல் பெர்லின் மோட்டார் கண்காட்சியில் மெர்சிடிஸ் அதைக் காரில் பூட்டி விற்பனைக்குக் காட்டியது. அந்தக் கார்களில் சூப்பர்சார்ஜர் எப்போதும் சுற்றாது. எக்ஸலேட்டரை அடிமட்டம் வரை மிதித்தால் ஒரு கிளட்ச் பிடித்து அதைச் சுற்றவைக்கும். 2002 முதல் 2006 வரையான மினி கூப்பர் எஸ்ஸில் கிளட்ச் கிடையாது. அதன் ஈட்டன் எம்45, பெல்ட் சுற்றும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 737 கன சென்டிமீட்டர் காற்றைத் தள்ளும். சிக்னலில் நிற்கும் எஞ்சினுக்கு அத்தனை காற்று எதற்கு? அதைச் சூப்பர்சார்ஜரின் வாய்க்கே திருப்பிவிடத்தான் பைபாஸ் வால்வு. ஐட்லிங்கிலும் மெதுவான ஓட்டத்திலும் எஞ்சினின் வக்யூம் டயப்ரத்தை இழுத்து வால்வைத் திறந்து வைக்கும். மிதித்தால் வக்யூம் போய்விடும், ஸ்பிரிங் வால்வை மூடும், எஞ்சினுக்குப் போகும் காற்றின் அழுத்தமான பூஸ்ட் ஏறும். கிளட்ச் செய்த வேலையை ஒரு ஸ்பிரிங்கும் எஞ்சினின் மூச்சும் சேர்ந்து செய்கின்றன. மினியில் இதற்கு மின்கம்பி ஒன்றுகூடக் கிடையாது. இந்த எளிமை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இனி நோய்க்கு வருவோம். டயப்ரம் கிழிந்தால் என்ன ஆகும்? வக்யூமால் இழுக்க முடியாது, ஸ்பிரிங் வென்றுவிடும், வால்வு எப்போதும் மூடியே கிடக்கும். அப்போது ஏற்றத்தில் காரின் பலத்தில் ஒரு குறையும் தெரியாது, ஏனென்றால் ஏற்றத்தில் வால்வு மூடித்தானே இருக்க வேண்டும்? குறை முழுவதும் நிதானமான ஓட்டத்தில்தான் இருக்கும். ஐட்லிங்கிலேயே சூப்பர்சார்ஜரின் கீச்சொலி கேட்கும், உள்ளே போகும் காற்று சூடேறும், பெற்றோல் கூடுதலாகப் போகும், காலை எடுத்தால் கார் குலுங்கும். ஸ்பிரிங் உடைந்தாலோ, எண்ணெய்ப் பிசுக்கில் தகடு திறந்தபடி ஒட்டிக்கொண்டாலோ எல்லாம் தலைகீழாகும். ஐட்லிங்கில் கார் பசுவைப் போலச் சாதுவாக நிற்கும். ஏற்றம் வந்ததும் பலம் இல்லை. ஒரு நோய் ஏற்றத்தில் மறைகிறது, மற்றது ஐட்லிங்கில் மறைகிறது. ஆகவே ஒரே இடத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பாதி நோயைத் தவறவிடுவார். கண்டியிலிருந்து வருபவர்களுக்குப் பலகடுவ ஏற்றம் இருக்கிறது. இரண்டாவது கேள்வியைக் கேட்க அதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை.

நுட்பம் கூடுவது மூன்றாவது நோயில். ஸ்பிரிங் தளர்ந்தால் வால்வு மூடவும் மாட்டாமல் திறக்கவும் மாட்டாமல் நடுவில் ஊசலாடும். எக்ஸலேட்டரை ஒரே அளவில் பிடித்திருந்தும் கார் ஒரு கணம் உந்தும், ஒரு கணம் தளரும், மறுபடி உந்தும். இதைப் பிளக் கோளாறென்றும் பெற்றோல் பம்ப் கோளாறென்றும் நினைத்துப் பணம் செலவழிப்பவர்கள் உண்டு. பிளக் தவறினால் வரும் குலுக்கலில் தாளம் கலைந்திருக்கும்; ஊசலாடும் வால்வின் உந்தலிலோ தாளம் சீராக இருக்கும், அழுத்தி மிதித்ததும் அது மறைந்துபோகும். வால்வு முழுதாக மூடாமல் கசிந்தாலும் ஒரு கணக்கு உதவும். கசியும் இடுக்கின் அளவு மாறுவதில்லை. ஆகவே ஒரே பூஸ்டுக்கு அதன் வழியே போகும் காற்றும் அநேகமாக ஒன்றேதான். சுற்று குறைவாக இருக்கும்போது சூப்பர்சார்ஜர் தள்ளும் காற்றே கொஞ்சம். கசிவு அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். சுற்று ஏற ஏற அந்த நட்டம் சிறுக்கும். பெல்ட் வழுக்கினாலோ கீழே நன்றாக இருந்து மேலே போகப் போகப் பலம் குறையும். கீழே மெலிந்து மேலே தேறுகிற காரில் கசிவைத் தேட வேண்டும். கீழே தெம்பாக இருந்து மேலே சாகிற காரில் பெல்ட்டையும் காற்று ஃபில்டரையும் பார்க்க வேண்டும். ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல் இவ்வளவு தூரம் வந்துவிடலாம்.

பொனற்றைத் திறந்த பிறகும் பார்ப்பதற்கு அதிகமில்லை. ஐட்லிங்கில் லீவர் இழுபட்டிருக்கிறதா, ஒருவர் சட்டென்று மிதித்து விட்டால் அது போய்த் திரும்பி வருகிறதா, கை வக்யூம் பம்பால் இழுத்துப் பிடித்தால் ஊசி அரை நிமிடமாவது இறங்காமல் நிற்கிறதா என்பவைதான். இங்கே மலையூருக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. கையேடுகள் சொல்லும் வக்யூம் அளவுகள் கடல்மட்டத்துக்கு உரியவை. ஏறத்தாழ 300 மீட்டர் உயர்ந்தால் ஒரு அங்குலம் குறையும். மாத்தளை நகரம் 360 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கொழும்பில் 18 அங்குலம் காட்டிய நல்ல எஞ்சின் இங்கே 17க்குக் கீழே காட்டினால் அது நோயல்ல, ஊரின் உயரம். இதை அறியாமல் நல்ல டயப்ரத்தைக் கழற்றி எறிவது பெரிய அநியாயம்.

ஸ்கேனர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சி 180 கொம்ப்ரெசரின் எம்271 எஞ்சினில் இந்தத் தகட்டை மின்மோட்டார் திருப்புகிறது. அந்த மோட்டார் பழுதானால் ஸ்கேனர் சொல்லிவிடும். ஆனால் ‘பூஸ்ட் குறைவு’ என்ற கோட் வந்தால்? வெடித்த ஹோஸ், வழுக்கும் பெல்ட், அழுக்கேறிய காற்று சென்சர் ஆகிய எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கோட்தான் வரலாம். அந்த எஞ்சினில் சூப்பர்சார்ஜருக்கு அடியில் ஓடும் பிரீதர் ஹோஸ் சூட்டில் வெடிப்பது பலரும் அறிந்த நோய். காற்று கசிவதற்கு அதுவும் ஒரு வழி. மினியிலோ வால்வைப் பார்க்கும் சென்சரே கிடையாது. ஸ்கேனர் சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்தும், தீர்ப்பை மனிதர்தான் சொல்ல வேண்டும். புது வால்வை வாங்கிப் போட்டுவிட்டால் தீர்ந்ததே என்பவர்களுக்கும் இதுவே பதில். நோய் ஹோஸில் இருந்தால் புது வால்வும் பழையதைப் போலவே நடக்கும். கை நிறையப் பணம் போன பிறகும் கார் அதே ஏற்றத்தில் அதே மாதிரி திணறும்.

இது கலையல்ல, வெறும் தொழில்நுட்ப அறிவு என்று சொல்பவர்களோடும் நான் உடன்பட மாட்டேன். அறிவைப் புத்தகத்தில் படிக்கலாம். ஆனால் சூப்பர்சார்ஜரின் கீச்சொலியில் எது இயல்பு, எது தேய்ந்த பேரிங் என்பதைக் காது பழகித்தான் பிரிக்க வேண்டும். மினியில் அது உயிர்போகிற விஷயம். அதன் தண்ணீர்ப் பம்பைச் சூப்பர்சார்ஜரின் பல்சக்கரமே சுற்றுகிறது. அந்தச் சத்தத்தை வால்வின் சத்தமென்று விட்டுவிட்டால் எஞ்சின் கொதித்துச் சாகும். எதை நம்புவது, எதைத் தள்ளுவது, எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்ற தேர்வில் தேர்ந்த மெக்கானிக்கின் ருசி தெரிகிறது. எனக்குத் தெரிந்தவரை ருசி இருக்கும் இடமெல்லாம் கலைதான்.

நம் ஊர்களில் மாற்றிய சாமானுக்குக் காசு கொடுக்கிறோம், பூட்டிய கூலிக்கும் கொடுக்கிறோம். அரை மணி நேரம் கேட்டும் தொட்டும் ஓட்டியும் பார்த்து, ‘சூப்பர்சார்ஜருக்கு ஒன்றுமில்லை, இந்த ஹோஸை மாற்றுங்கள்’ என்று சொல்பவருக்கு ஹோஸின் விலையைத்தான் கொடுத்துவிட்டு வருகிறோம். அடுத்த முறை அந்த அரை மணி நேரத்துக்கும் சேர்த்துக் கொடுங்கள்.