பீப்ஸ் போற்றிய சாசர்

ஆங்கிலக் கவிதையின் தந்தை எனப் போற்றப்படும் ஜெஃப்ரி சாசர் 1400-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் மறைந்து இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின், அவருடைய நூல்களை ஒருங்கு திரட்டிய பெருந்தொகுதி ஒன்றை இலண்டன் மாநகரின் கடற்படை அலுவலர் ஒருவர் தமதாக்கிக்கொண்டார். 1664-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8-ஆம் நாள் அவர் புத்தகம் கட்டுவோரிடம் சென்று அதன் வேலையைப் பார்வையிட்டார். தாம் எதிர்பார்த்த அளவுக்கு நேர்த்தி இல்லை. ஆயினும் ஒருவாறு மனம் நிறைந்தது. அங்கிருந்து, அதற்குப் பித்தளைக் கொக்கியும் குமிழும் பொருத்துவதற்காக வேறொரு வினைஞரிடம் சென்றார். இவற்றையெல்லாம் அன்றிரவே தம் நாட்குறிப்பில் எழுதியும் வைத்தார். அவர்தாம் சாமுவேல் பீப்ஸ். அந்தத் தொகுதி இன்றும் கேம்பிரிட்ஜ் மாட்லின் கல்லூரியில், அவர் பெயரால் வழங்கும் நூலகத்தில், அதே கொக்கிகளோடு இருக்கிறது.

பீப்ஸ் சாசரை நாடி வந்த வழியும் சுவையானது. 1663-ஆம் ஆண்டு ஜூனில், கடற்படை அலுவலகத்தில் அவரோடு பணியாற்றிய சர் ஜான் மென்னிஸ் என்னும் முதியவர் சாசரின் தொடர்கள் பலவற்றைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். பீப்ஸும் அவர் மிகச் சிறந்த கவிஞரே என்று ஒப்புக்கொண்டார். அவ்வாண்டு டிசம்பரில் புனித பால் கோயில் முற்றத்துப் புத்தகக் கடையில், கையில் இரண்டு மூன்று பவுனை வைத்துக்கொண்டு எதை வாங்குவது என்று நெடுநேரம் தடுமாறினார். சாசர், ஷேக்ஸ்பியர், பென் ஜான்சன் எல்லாரும் அங்கே இருந்தனர். அன்று அவர் சாசரை வாங்கவில்லை. வரலாறும் அரசியல் கடிதங்களும் அவரோடு வீடு சென்றன. பணத்தை எண்ணிச் செலவிடும் ஒரு நடுத்தர அலுவலரின் மனம் அதில் தெரிகிறது. வேட்கை கவிதையின்மேல், கை போனதோ பயன்தரும் நூலின்மேல். ஏழு மாதங்களுக்குள் சாசர் வீட்டுக்கு வந்துவிட்டார் என்பதை அவர் கணக்கில் நாம் வரவு வைக்கலாம்.

இக்கட்டுரையின் நோக்கம் பீப்ஸின் நூற்பற்றைப் புகழ்வதன்று. அவர் கொக்கியிட்டுக் காத்த அந்தத் தொகுதிக்குள் உள்ள சாசர் எத்தகையவர் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

அது தாமஸ் ஸ்பெய்ட் என்னும் பள்ளியாசிரியர் பதிப்பித்து 1602-இல் வெளிவந்த பதிப்பு. அவரே 1598-இல் முதலில் வெளியிட்டதன் திருந்திய வடிவம். அதன்பின் 1687 வரை, எண்பத்தைந்து ஆண்டுக் காலம், சாசருக்கு வேறு பதிப்பே வரவில்லை. ஆகவே பதினேழாம் நூற்றாண்டில் சாசரை அச்சில் முழுமையாகப் படிக்க விரும்பியவர்க்கு இதுவே அண்மைப் பதிப்பு. கவிஞரின் வரலாறு, முன்னுரைகள், பழஞ்சொற்களுக்கு ஓர் அகராதி, பழமொழி போன்ற அடிகளைச் சுட்டுவதற்கு ஓரத்தில் அச்சிட்ட சிறு கைவிரல்கள் என்று பலவகைத் துணைகளை ஸ்பெய்ட் அதில் அமைத்தார். இருநூறு ஆண்டில் மொழி மாறிவிட்டது. அரும்பதவுரையின்றி அக்கவிதை விளங்காது என்பதை உணர்ந்த முதல் பதிப்பாசிரியர் அவரே. சிலம்புக்கு ஓர் அரும்பதவுரை எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாததாயிற்று அவ்வகராதி. அதில் பிழைகளும் இருந்தன. 1532-இல் சாசர் நூல்களை முதன்முதலாக ஒருங்கு திரட்டிய வில்லியம் தின் என்பாரின் மகன் பிரான்சிஸ் தின், 1599-இல் அப்பிழைகளைக் கடுமையாகச் சுட்டிக்காட்டி எழுதினார். ஸ்பெய்ட் சினங்கொள்ளவில்லை, திருத்தங்களை ஏற்று, அவர் துணையோடு 1602 பதிப்பை வெளியிட்டார். பதிப்புலகில் இத்தகைய பெருந்தன்மை அரிது.

இனித் தொகுதியின் உள்ளடக்கத்துக்கு வருவோம். ‘மிகைப்பாடல்’ என்னும் சொல் நமக்குப் புதிதன்று. கம்பன் பதிப்புகளில் அதனைக் காண்கிறோம். சாசர் தொகுதியிலோ மிகையென்று பிரிக்கப்படாத மிகை ஏராளம். பதிப்புக்குப் பதிப்பு பிறருடைய நூல்கள் அவர் பெயரின்கீழ் வந்து சேர்ந்தன. 1542-இல் நுழைந்த ‘உழவன் கதை’ திருச்சபைக் குருமாரைச் சாடுவது. அது சாசருடையதென்று நம்பியதும், அவர் சீர்திருத்தச் சமயத்தின் முன்னோடியாகக் காட்சியளித்தார். ஜான் ஃபாக்ஸ் 1570-இல் அவரைத் தம் கட்சியினராகவே எழுதினார். ‘அன்பின் சாசனம்’ என்னும் உரைநடை நூல், சிறையில் வாடியவன் ஒருவனின் முறையீடு. அதை நம்பி, சாசர் அரசியலில் துன்புற்றார் என்று அவர் வரலாற்றையே எழுதினர். ஸ்பெய்ட் எழுதிய வரலாற்றிலும் அது இடம்பெற்றது. அந்நூலின் பகுதிகளது முதலெழுத்துகளைக் கூட்டிப் படித்தால் அஸ்க் என்ற பெயர் வருகிறது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் அறிஞர் கண்டனர். தாமஸ் அஸ்க் 1388-இல் தலை வெட்டப்பட்டவர். ஒருவர் பட்ட துன்பத்தை மற்றொருவர் வாழ்க்கையில் ஏற்றிவைத்து முந்நூறு ஆண்டுக்கு மேல் படித்திருக்கிறார்கள்.

இவற்றினும் பெரிய இலக்கியத் தீங்கு ஒன்று உண்டு. சாசரின் ‘ட்ராய்லஸ்’ காவியத்தில் கிரிசைட் என்னும் பெண் காதலனைக் கைவிட்டு வேறொருவனைச் சேர்கிறாள். சாசர் அவளைப் பழிக்கத் தயங்குகிறார். மன்னிக்க வழி தேடுகிறார். தண்டனை எதுவும் தராமல் கதையினின்றும் அவளை விலக விடுகிறார். அக்காவியத்தின் உயிரே அந்தத் தயக்கத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் ஹென்ரிசன் பிற்காலத்தில் இக்கதைக்கு ஒரு தொடர்ச்சி பாடினார். அதில் அவளுக்குத் தொழுநோய் வருகிறது. இரந்து திரிந்து மடிகிறாள். தன்னளவில் அது வலிமை மிக்க கவிதையே. ஆனால் தின் 1532-இல் அதனைச் சாசர் தொகுதியில் ‘ட்ராய்லஸ்’ காவியத்தை அடுத்து வைத்துவிட்டார். பீப்ஸின் தொகுதியிலும் அது உண்டு. இரண்டையும் தொடர்ந்து படித்தவர்க்குச் சாசரின் இரக்கம் எங்கே தென்படும்? அவரே அவளைத் தண்டித்ததாகவன்றோ தோன்றும்! இதில் வேடிக்கை யாதெனில், ஹென்ரிசன் தம் கவிதைக்குள்ளேயே சாசரைப் பெயர் சொல்லி, வேறொருவராகக் குறிப்பிடுகிறார். கண்ணெதிரே இருந்த சான்றும் காணப்படவில்லை. தொகுதியின் அட்டையில் உள்ள பெயருக்கு அவ்வளவு ஆற்றல்.

மிகைகள் எல்லாவற்றையும் இகழ்வதும் நேர்மையாகாது. 1598-இல் ஸ்பெய்ட் முதன்முதல் அச்சேற்றிய ‘மலரும் இலையும்’ ஓர் இனிய கவிதை. அதைக் கூறுபவள் ஒரு பெண். ஜான் ட்ரைடன் அதைச் சாசருடையதென எண்ணியே தம் காலத்து ஆங்கிலத்தில் மாற்றிப் பாடினார். கீட்ஸ் 1817-இல் அதைப் படித்து மகிழ்ந்து ஒரு பதினான்கடிப் பாடல் இயற்றினார். அது சாசருடையதன்று என அறிஞர் நிறுவிய பிறகு படிப்பார் குறைந்தனர். கவிதையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மேலிருந்த பெயர் ஒன்றே போயிற்று. இவ்விடத்தில் குற்றம் பதிப்பாசிரியரைக் காட்டிலும் படிப்பாரையே சேரும்.

யாப்பைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். சாசர் காலத்தில் பல சொற்களின் இறுதியில் நின்ற மெல்லிய உயிரொலி ஒலிக்கப்பட்டது. பிற்காலத்தில் பேச்சில் அது மறைந்தது. எழுத்தர்களும் அச்சிடுவோரும் அதனை மனம்போனபடி விட்டும் சேர்த்தும் எழுதினர். அதனால் அடிகள் நொண்டுவனவாகத் தோன்றின. குற்றியலுகரம் எங்கே அலகுபெறும், எங்கே அலகுபெறாது என்பதை மறந்துவிட்டு வெண்பாவைச் சீர் பிரித்துப் பார்ப்பவர்க்கு நேரும் இடர்ப்பாடு போன்றது அது. அறிந்து அலகிட்டுப் படித்தால் சாசரின் அடிகள் அளவோடு நிற்கும், பிழை படியெடுத்தவர்களுடையதே என்று ஸ்பெய்ட் 1602-இல் துணிந்து எழுதினார். ட்ரைடன் 1700-இல் வெளியிட்ட தம் நூலின் முன்னுரையில் அக்கூற்றை மறுப்பதற்கும் தகுதியற்றதென்று தள்ளினார். சாசரைப் போற்றியவரே அவர்; எனினும் அவர் செவி தம் காலத்துச் செவி. 1775 தொடங்கி வெளிவந்த டிர்விட்டின் பதிப்பு, ஸ்பெய்ட் சொன்னதில் பெரிதும் உண்மை உண்டென்பதை விளக்கிற்று. பெருங்கவிஞர் கேளாத ஓசை ஒரு பள்ளியாசிரியரின் காதில் விழுந்திருந்தது.

பீப்ஸின் நூலகத்தில் இருப்பது இந்த ஒரு சாசர் மட்டுமன்று. 2006 எண்ணுடைய கையெழுத்துச் சுவடியில் சாசரின் சிறு கவிதைகள் பல உள்ளன. 2053 எண்ணுடையது காக்ஸ்டன் 1483-இல் மரச்செதுக்குப் படங்களோடு அச்சிட்ட ‘காண்டர்பரிக் கதைகள்’ இரண்டாம் பதிப்பு. அப்பதிப்பு பிறந்த கதையைக் காக்ஸ்டனே கூறுகிறார். முதற்பதிப்பை வாங்கிய ஒருவர் வந்து, இது பலவிடங்களில் சாசர் எழுதியவாறு இல்லை. என் தந்தையார் பெரிதும் நேசிக்கும் பிரதி ஒன்று உண்டு. மீண்டும் அச்சிடுவதானால் பெற்றுத் தருகிறேன் என்றாராம். பெயர் சொல்லப்படாத ஒரு தந்தையின் வீட்டுப் பிரதியால் சாசரின் பாடம் திருந்தியது. தனியார் நூலகத்துக்கு இதனினும் உயர்ந்த பணி இருத்தல் அரிது.

பீப்ஸோ நூல்களை ஆசிரியர் வரிசையில் வைக்கவில்லை. உயர வரிசையில் வைத்தார். மிகச் சிறியது முதலாம் எண். மிகப் பெரியது மூவாயிரம். வரிசை மேலே ஒழுங்காகத் தோன்றவேண்டுமென்று, குட்டையான நூல்களின் கீழே மரக்கட்டைகளையும் வைத்தார். ஆதலால் சாசரின் நூல்களும் தத்தம் உயரத்துக்கேற்ப வெவ்வேறு இடங்களில் நிற்கின்றன. ஒன்றும் கூட்டக்கூடாது, ஒன்றும் குறைக்கக்கூடாது, மீறினால் நூலகம் முழுவதும் டிரினிட்டிக் கல்லூரிக்குப் போய்விடும் என்பது அவர் விதித்த முறை. 1703-இல் அவர் மறைந்தார். 1724-இல் நூல்கள் மாட்லின் கல்லூரிக்கு வந்தன. அக்கட்டுப்பாட்டால்தான் 1602 பதிப்பின் மயக்கங்கள் எல்லாம் அவ்வாறே நமக்குக் கிடைத்துள்ளன. திருந்திய நல்ல பதிப்புகள் பின்னர் எத்தனையோ வந்துவிட்டன. ஆயினும் ஒரு காலம் சாசரை எவ்வாறு கண்டது என்பதை அறிய இதுவே சான்று.

தாயகம் விட்டு வந்து வாழும் நம் இல்லங்களிலும் கண்ணாடி அலமாரிக்குள் கம்பனும் சிலம்பும் வரிசையாக நிற்கின்றன. பிள்ளைகள் பள்ளியில் படிப்பது வேறு மொழி. கொக்கி போட்டு வைப்பதா, அரும்பதவுரை தருவதா, இக்கால மொழியில் மாற்றிச் சொல்வதா என்ற கேள்வி நமக்கும் உண்டு. பீப்ஸின் வாழ்நாளில் இம்மூன்றுமே சாசருக்கு நிகழ்ந்தன; மூன்றாவதிலும் அவருக்குப் பங்கு இருந்தது.

‘காண்டர்பரிக் கதைகள்’ முன்னுரையில் வரும் நல்ல குருவின் சித்திரத்தைத் தற்கால ஆங்கிலத்தில் பாடும்படி ட்ரைடனுக்குச் சொன்னவர் பீப்ஸே. ட்ரைடன் அதனை மாற்றிப் பாடியதோடு நில்லாமல், தம் காலத்து அரசியலையும் சிறிது கலந்து நீட்டினார். சாசர் சில அடிகளில் நிறுத்தியதை அவர் விரித்தது எனக்கு உடன்பாடில்லை. குருவின் எளிமை அதில் சற்றே கரைந்துவிடுகிறது. எனினும் 1699-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள் ட்ரைடன் எழுதிய நன்றிக் கடிதம் பீப்ஸை மிகவும் மகிழ்வித்தது. அன்றே மறுமொழி எழுதினார். வரும் ஞாயிறுக்குப் பின் ஏதேனும் ஒரு நண்பகலில் தம் இல்லத்துக்கு வந்து, ஆறிய கோழிக்கறியும் பச்சைக்கீரையும் உண்டு, அந்த நல்ல குருவைப் பற்றிப் பேசலாம் என்று முதிய கவிஞரை அழைத்தார்.