வாய் பேசாத நோயாளி

அமெரிக்காவின் லெகசி இன்டராக்டிவ் நிறுவனம் வெளியிட்ட ‘ஜூ வெட்’, ‘பெட் பால்ஸ்: அனிமல் டாக்டர்’ போன்ற கணினி விளையாட்டுகளை நான் மதிப்பதற்குக் காரணம், அவை பிராணிகளைக் கொஞ்சுவதோடு பிள்ளைகளை விட்டுவிடுவதில்லை என்பதுதான். கால்நடை மருத்துவரின் நோயாளி எங்கே வலிக்கிறது என்று சொல்லாது. பூனையோ வலியை மறைக்கவே பார்க்கும். அதனால் உடல் வெப்பம், நாடி, மூச்சு, ஈறின் நிறம் என்று பொறுமையாகக் கவனித்துத்தான் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த விளையாட்டுகளும் பரிசோதனைக்குப் பிறகே சிகிச்சைக்கு விடுகின்றன. நாய்க்கு 38.5 டிகிரி செல்சியஸ் இயல்பான சூடு. மனிதருக்கு அது காய்ச்சல். நம் தலைவலிக்கு விழுங்கும் பாராசிட்டமால் பூனையின் உயிரையே பறித்துவிடும். அன்பை மட்டும் நம்பினால் இரண்டிலும் தவறிவிடுவோம்.

சுட்டியைச் சொடுக்கிப் பழகினால் மருத்துவம் வந்துவிடுமா என்று கேட்கலாம். வராது. திமிறும் நாயின் பலமும், சீழின் நாற்றமும், கடிபடும் அச்சமும் திரையில் இல்லை. அது உண்மையான குறைதான். ஆனால் கைத்திறன் வேறு, நோயறியும் யோசனை வேறு. பத்து வயதுப் பிள்ளையிடம் நோயுற்ற நாயைக் கொடுத்து, ஊகித்து வைத்தியம் பார் என்று சொல்ல முடியுமா? திரையில் தவறான ஊகத்துக்கு எந்த உயிரும் விலை கொடுப்பதில்லை. அடுத்த முறை பிள்ளை இன்னும் கூர்ந்து பார்க்கும். நான் ஒதுக்குவதெல்லாம், ஊசி போட்டதுமே பிராணி துள்ளி எழும் மலிவான விளையாட்டுகளைத்தான். அவற்றில் பரிசோதனைக்கு இடமே இல்லை. பொத்தானை அழுத்தினால் குணம்.